ஒரு டிகிரிக்கு 30 கிகாஹெர்ட்ஸ்

ரூபிடியம் அணுவை லேசரால் ஆராய, அது விழுங்கும் 780.24 நானோமீட்டர் ஒளி வேண்டும். இந்த அலைநீளம்தான் அதன் அணுக்கோடு. அறை வெப்பநிலையில் இருக்கும் ஆவியில்கூட அந்தக் கோட்டின் அகலம் அதிர்வெண்ணில் அரை கிகாஹெர்ட்ஸ்தான். '780' என்று சொல்லி விற்கும் லேசர் டயோடோ 25 டிகிரியில் ஒன்றிரண்டு நானோமீட்டர் தள்ளி ஒளிரும். இங்கே ஒரு நானோமீட்டர் என்பது ஏறக்குறைய 490 கிகாஹெர்ட்ஸ். வெப்பநிலையை மாற்றித்தான் அதை அணுக்கோட்டுக்கு இழுத்து வரவேண்டும்.

அது சீராக நகராது. ஒரு டிகிரி சூடேற்றினால், டயோடு சிப்பின் ஒளிப்பெருக்க உச்சி (ஒளி அதிகம் பெருகும் அலைநீளம்) சுமார் 0.25 நானோமீட்டர் நகரும். சிப்பின் இரு முகங்களுக்கிடையே நிற்கும் அலையோ 0.06 தான், அதாவது 30 கிகாஹெர்ட்ஸ்தான் நகரும். பின்தங்கிய அலையைக் கைவிட்டு லேசர் பக்கத்து அலைக்குத் தாவும். வரைபடம் போட்டால் படிக்கட்டுதான். நமக்கு வேண்டியது இரண்டு படிகளுக்கு நடுவே விழுந்தால் மின்னோட்டத்தையும் சேர்த்து மாற்றிப் பார்க்க வேண்டும். எதற்கும் மசியாத டயோடுகளும் உண்டு. கழற்றி வைத்துவிட்டு வேறொன்றைப் போடுவதே மேல்.

ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரி ஆடினாலே 30 மெகாஹெர்ட்ஸ் போய்விடும். இதற்கு விலையுயர்ந்த கட்டுப்பாட்டுக் கருவியைவிட, தெர்மிஸ்டர் (குளிர்ந்தால் தடை கூடும் வெப்ப உணரி) எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகை போதும். டயோடைப் பிடித்திருக்கும் செம்புக் கட்டையில், டயோடுக்கு ஓரிரு மில்லிமீட்டர் தள்ளித் துளையிட்டு, வெப்பம் கடத்தும் பசையோடு புதைக்க வேண்டும். தூரம் கூடினால் வெப்பம் வந்து சேரத் தாமதமாகும். தாமதம் கூடினால் கட்டுப்பாடு ஊசலாடும்.

கட்டைக்குக் கீழே பெல்டியர் (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு), அதற்குக் கீழே கனமான அலுமினிய அடித்தட்டு. இரு பக்கமும் பசை மெல்லிய படலமாக இருந்தால் போதும். இறுக்க நைலான் திருகு நல்லது. இரும்புத் திருகு வழியாக வெப்பம் திரும்பி வந்துவிடும். திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவும். ஒரே பக்கம் இறுக்கினால் பெல்டியரின் பீங்கான் தகடு விரிசல் விடும்.

டயோடைத் தொடுமுன் மணிக்கட்டில் நிலத்தோடு இணைத்த பட்டை கட்டாயம். நிலைமின்னால் அடிபட்ட டயோடு உடனே சாகாமல், மங்கலாக ஒளிர்ந்தபடி பல நாள் ஏமாற்றும்.

முதலில் லேசரை எரியவிடாமல் பெல்டியரை மட்டும் சிறு மின்னோட்ட வரம்பில் இயக்குங்கள். அமைத்த புள்ளியை விட்டு வெப்பநிலை விலகி ஓடினால் பெல்டியரின் கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன. தெர்மிஸ்டர் கம்பி அறுந்தால் தடை எல்லையற்றதாகத் தெரியும். 'கடுங்குளிர்' என்று நினைத்து கருவி சூடேற்றிக்கொண்டே போகும். தடை வரம்பு தாண்டினால் லேசர் மின்னோட்டத்தை நிறுத்தும் ஏற்பாடு இதற்காகத்தான்.

கட்டுப்பாட்டுக் கருவியின் பிஐடியில் மூன்று அமைப்புகள்: பி இப்போதைய பிழைக்கும், ஐ சேர்ந்துவரும் பிழைக்கும், டி பிழை மாறும் வேகத்துக்கும் ஏற்பச் சரிசெய்யும். ஐ, டி இரண்டையும் பூஜ்யமாக்கி, ஊசல் தொடங்கும்வரை பியைக் கூட்டி, பிறகு பாதியாகக் குறைக்கவும். ஐயின் காலம் ஊசல் காலத்தை ஒட்டி இருக்கட்டும். டி பெரும்பாலும் தேவைப்படாது. வெப்பநிலை நிலைத்த பிறகே லேசர் மின்னோட்டம். அணைக்கும்போது அது முதலில். 780 கண்ணுக்கு மங்கிய சிவப்பாகத் தெரிவதால் பலவீனம் என்று எண்ணிவிடக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள்.

சென்னை போன்ற ஊரில் இன்னொரு தொல்லை. அறை 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் 25 டிகிரியிலேயே பனி படியும். இரவில் ஏசியை நிறுத்திவிட்டு டயோடை 18இல் வைத்திருந்தால் காலையில் டயோடின் கண்ணாடி ஜன்னலில் நீர்த்துளிதான். அறை வெப்பநிலையில் 780.24க்குச் சற்றுக் கீழே ஒளிரும் டயோடாகப் பார்த்து வாங்கி, சூடாக்கியே கோட்டுக்குக் கொண்டுவரலாம். ஆயுள் கொஞ்சம் குறையும். நனைந்த டயோடைவிட அது பரவாயில்லை.