ஊக்கித் தூள் வாங்குமுன் கரியைப் பாருங்கள்

கடலூர், பண்ருட்டி பக்கம் மரக்கரியில் நீராவி விட்டு எரிவாயு எடுக்க நினைக்கும் தொழிற்கூடக்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "சார், ஊக்கித் தூள் கலந்தா அதே கரியில ரெண்டு மடங்கு கேஸ் வருமாமே?"

வராது. ஊக்கி (catalyst) வினையின் வேகத்தைக் கூட்டும், சக்தியைக் கூட்டாது. தணலாக இருக்கும் கரியில் நீராவி பட்டால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் வரும். இது வெப்பத்தை விழுங்குகிற வினை. ஒரு கிலோ கார்பனுக்கு ஒன்றரை கிலோ நீராவியும் சுமார் 11 மெகாஜூல் வெப்பமும் தேவை. அதே கார்பனை எரித்தாலே கிடைப்பது 33 மெகாஜூல்தான். எந்தத் தூளும் இந்தக் கணக்கை மாற்றாது.

அப்படியானால் ஊக்கி எதற்கு? அது இல்லாமல் நல்ல வேகம் வர 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போக வேண்டியிருக்கும். பொட்டாசியம் கார்பனேட் என்ற ஊக்கியை ஏற்றிய கரியில் 700, 800 டிகிரியிலேயே வினை நன்றாக நடக்கும். உலை இரும்பும் கூடுதல் நாள் தாங்கும். இது பெரிய லாபம்தான்.

ஆனால் மரக்கரியின் சாம்பலிலேயே பொட்டாசியமும் கால்சியமும் இருக்கின்றன. தண்டுக்கட்டையைவிடப் பட்டையிலும் சிறு கிளையிலும் அதிகம். இலவசமாகக் கிடைக்கும் இந்த ஊக்கியை நாமே தொலைக்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரியைத் திறந்தவெளியில் போட்டால் பொட்டாசியம் தண்ணீரில் கரைந்து போய்விடும். அதைவிட மோசம் மணல். நம் கடலோரச் சவுக்குத் தோப்புகளில் மணல்தரையிலேயே கரியைக் கொட்டி அப்படியே அள்ளுகிறார்கள். உலைச் சூட்டில் மணலின் சிலிக்கா பொட்டாசியத்தோடு சேர்ந்து சிலிக்கேட்டாகிவிடும். அப்புறம் அது ஊக்கியாக வேலை செய்யாது. சாம்பலில் கண்ணாடி போல இறுகிய கட்டிகள் வந்தால் சந்தேகமே வேண்டாம். உமிக்கரி கலந்தாலும் இதே கதைதான், அதன் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. ஆகவே தார்ப்பாயில் கொட்டி, சலித்து, கூரைக்குள் வையுங்கள். அதற்குப் பிறகும் வேகம் போதவில்லை என்றால் பொட்டாசியம் கார்பனேட் வாங்கலாம்.

இந்த வாயுவில் பாதி வரை கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். அதற்கு நிறமும் மணமும் கிடையாது. மழைக்காகக் கொட்டகையை நாலு பக்கமும் மூடிவிட்டு உலையை ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும். தலை வலித்தாலோ கிறுகிறுத்தாலோ உடனே எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். உள்ளே யாராவது மயங்கிக் கிடந்தால் மூச்சுக் கருவி இல்லாமல் தூக்க ஓடாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.