டயட் என்றால் கட்டுப்பாடா?

அக்கா மகளுக்கு இது ஆறாம் மாதம். மருந்தகத்தில் கொடுத்த துண்டுப் பிரசுரத்தை நீட்டி, “மாமா, நான் கடலை, முட்டை எல்லாத்தையும் விட்டுடணுமாமே?” என்றாள். கடலைக் குழம்பில் தொட்டுத் தின்னும் சாத்தே (குச்சியில் சுட்ட இறைச்சி) சாப்பிட்டு இரண்டு வாரமாம். தலைப்பு ‘கர்ப்பகால உணவுக் கட்டுப்பாடும் குழந்தைகளின் உணவு ஒவ்வாமையும்’. உள்ளே ‘பலவகைப்பட்ட உணவுக் கட்டுப்பாட்டைப் பின்பற்றவும்’ என்று ஒரு வரி. ஆங்கிலப் பக்கத்தைத் திருப்பினால், எல்லா வகை உணவையும் சாப்பிடுங்கள் என்றுதான் இருக்கிறது! அங்கிருந்த ‘டயட்’டைத்தான் தமிழில் ‘உணவுக் கட்டுப்பாடு’ ஆக்கிவிட்டார்கள்.

‘டயட்’ கிரேக்கத்துத் ‘தியாய்ட்டா’விலிருந்து வந்தது. பொருள்: வாழும் முறை. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, ஒருவர் வழக்கமாக உண்பது என்று நின்றது. உடம்பைக் குறைக்கப் பட்டினி கிடப்பது அதன் இன்னொரு பொருள், அவ்வளவே. பூனையின் டயட் என்று ஆங்கிலத்தில் எழுதினால் பூனை பத்தியம் இருக்கிறது என்றா அர்த்தம்?

‘உணவுக் கட்டுப்பாடு’ என்ற ஆக்கம் அந்த இன்னொரு பொருளை மட்டும் பிடித்துக்கொண்டது. நீரிழிவுக்காரருக்குச் சொல்லும்போது சரி, பொருந்தும். எல்லா இடத்திலும் ஒட்டினால்தான் வம்பு. ‘சமச்சீர் உணவு’ என்று எழுதும் அதே கை, ‘சமச்சீர் உணவுக் கட்டுப்பாடு’ என்று எழுதுவதில்லையே. அங்கே மட்டும் புத்தி எப்படி வேலை செய்கிறது?

‘பத்தியம்’ போடலாமே என்பார்கள். அது வடசொல் ‘பத்ய’. உடம்புக்குத் தக்கது என்பது மூலப் பொருள், தகாதது ‘அபத்யம்’. நம் வாயில் அதுவும் விலக்குப் பட்டியலாகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் பிள்ளை பெற்றவளுக்குப் பாட்டி ஆக்கிப்போடும் சுறாப்புட்டும் பூண்டுக்குழம்பும் பத்தியம்தான். பாட்டியின் பத்தியத்தில் சாப்பிட ஏதாவது இருந்தது, பிரசுரத்துக் கட்டுப்பாட்டில் அதுவும் இல்லை.

என் கட்சி ‘உணவுமுறை’. ‘உண்’ணில் பிறந்த உணவு, பக்கத்தில் முறை, இரண்டும் நம் சொல், ‘வாழும் முறை’ என்ற கிரேக்க வேருக்கும் பக்கம். சமையல் பாணி போல ஒலிக்கிறது என்று நண்பர் ஒருவர் முறையிட்டார். அப்படியானால் ‘உணவுப் பழக்கம்’ என்று எழுதட்டும், எனக்கு ஆட்சேபமில்லை.

இந்தத் தலைப்பில் இதைப் பிழைவிட்டது குறிப்பாக எரிச்சல். 1998இல் பிரிட்டனில், ஒவ்வாமை உள்ள குடும்பத்துக் கர்ப்பிணிகள் நிலக்கடலையைத் தவிர்க்க விரும்பலாம் என்று அரசு தரப்பில் சொன்னார்கள். அமெரிக்காவிலும் 2000இல் கிட்டத்தட்ட அதே பேச்சு. தாய் தவிர்ப்பதால் பிள்ளைக்கு ஒவ்வாமை வராது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008இல் அமெரிக்கரும் 2009இல் பிரிட்டிஷாரும் அதைக் கைவிட்டார்கள். தாய்க்கே கடலை ஒத்துக்கொள்ளாது என்றால் வேறு விஷயம். பச்சை மீனை விடச் சொல்வது கிருமிக்குப் பயந்து, ஒவ்வாமைக்கு அல்ல. ஆக, வேண்டாத கட்டுப்பாட்டை விடுங்கள் என்று சொல்ல வந்த தாள், தமிழில் கட்டுப்பாடு போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

இங்கே சிங்கப்பூரில் இப்படிப்பட்ட அறிவிப்பென்றால் நான்கு மொழி. தமிழ் பெரும்பாலும் கடைசி. அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள் போல. ஒரு கர்ப்பிணியிடம் படித்துக் காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் பிடிபட்டிருக்கும். ‘ஒவ்வாமை’யை மட்டும் ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசிப் பக்கத்தில் ‘சந்தேகமிருந்தால் உணவுக் கட்டுப்பாட்டு நிபுணரை அணுகவும்’ என்று ஒரு தொலைபேசி எண். உணவியல் வல்லுநரைத்தான் சொல்கிறார்கள். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். “இருக்கிறதையும் நிறுத்தச் சொல்லிட்டா?” என்றாள்.