டொக்டர்மாரின் பரீட்சைக்கு உங்களைக் கூப்பிட்டால்

“இத்தனை பேரு வந்து பாக்குறாங்களே டொக்டர், எனக்குப் பெரிசா ஏதும் வந்துருச்சா?”

கட்டிலில் சாய்ந்திருந்த அந்த அம்மா இப்படிக் கேட்டபோது, பரீட்சையின் முதற்சுற்றில் மூன்று பரீட்சார்த்தி டொக்டர்மார் அவரைப் பார்த்து முடித்திருந்தார்கள். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். சின்ன வயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிப் போயிருந்தது. மகனுக்குப் புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை என்பதால், கொட்டாஞ்சேனையில் அவரோடு தங்கி எங்கள் கிளினிக்குக்கு வந்து போனார். டொக்டர்மார் எழுதும் எம்.ஆர்.சி.பி. பரீட்சைக்கு, அவர்கள் பரிசோதித்துப் பார்க்கும் நோயாளராக வர முடியுமா என்று கேட்டோம். சரி என்றார். கையெழுத்தும் வாங்கினோம். ஆனால் ஒரே நெஞ்சில் ஐந்து பேர் அடுத்தடுத்துக் குழாய் வைப்பார்கள், பரீட்சையின் முறையே அதுதான், நோய் கூடிவிட்டதாகப் பயப்பட வேண்டாம் என்று அவருக்கு யாரும் விளங்கச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் பட்ட பயத்துக்கு நானும் பொறுப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எம்.ஆர்.சி.பி. என்பது எடின்பரோ, கிளாஸ்கோ, லண்டன் ஆகிய மூன்று இடங்களின் ராயல் மருத்துவர் கல்லூரிகள் சேர்ந்து டொக்டர்மாருக்கு நடத்தும் பிரித்தானியப் பரீட்சை. இரண்டு எழுத்துப் பரீட்சைகள் முடிந்த பிறகு, நோயாளரைப் பரிசோதித்துக் காட்டும் நேரடிப் பரீட்சை இருக்கிறது; 2001 முதல் அதற்குப் பேசஸ் என்று பெயர். இதை எழுத விமானம் ஏற வேண்டுமென்றால் விசா, டிக்கெட், தங்குமிடம் என்று ஒரு இளம் டொக்டரின் பல மாதச் சம்பளம் போய்விடும். நகையை அடகு வைத்துப் போனவர்களை எனக்குத் தெரியும். கொழும்பிலேயே நடந்தால் மட்டக்களப்பில் வேலை செய்யும் பிள்ளை இரவு பஸ் ஏறி வந்து எழுதலாம். பிரித்தானியாவுக்கு வெளியே ஒரு பரீட்சை நிலையம் என்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

நிலையம் திறப்பது என்றதும் எல்லோரும் அறைகளையும் திரைகளையும் மணியையும்தான் யோசிப்பார்கள். அவற்றை ஒரு கிழமையில் ஒழுங்கு செய்துவிடலாம். நோயாளர்களைத் தேடுவதுதான் பெரிய வேலை. 2023 இல் மாற்றப்பட்ட முறைப்படி, பரீட்சார்த்தி ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டிய ஐந்து நிலைகள், ஒவ்வொன்றும் 20 நிமிடம். அவற்றுக்குள் நுரையீரல், இதயம், வயிறு, நரம்பு ஆகிய நான்கையும் நேரடியாகப் பரிசோதிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆறு நிமிடம் தொட்டுப் பார்க்க, நான்கு நிமிடம் கேள்விக்குப் பதில் சொல்ல. ஆகவே தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயால் மண்ணீரல் வீங்கியவர், நுரையீரல் தழும்பேறியவர், பார்க்கின்சன் நோயால் கை நடுங்குபவர் என்று உண்மையான உடம்புகள் வேண்டும். பொம்மையை வைத்து இதைச் செய்ய முடியாது.

ஒவ்வொரு நிலையிலும் இரண்டு பரீட்சகர்கள். பரீட்சார்த்திகள் வருவதற்கு முன் அவர்களும் அதே நோயாளரைப் பரிசோதித்து, என்ன அறிகுறி இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அப்போ கணக்குப் பாருங்கள்: ஒரு சுற்றுக்கு ஐந்து பரீட்சார்த்திகளும் இரண்டு பரீட்சகர்களும், ஏழு பேர். ஏழு தடவை சட்டையை விலக்கி, இடப்பக்கம் திரும்பிப் படுத்து, மூச்சை வெளியே விட்டுப் பிடித்திருக்க வேண்டும். மைட்ரல் சுருக்கத்தின் சத்தம் அப்படித்தான் கேட்கும், அதுவும் மெல்லிய உறுமல் போல. காற்றாடி சுழன்றால் கேட்காது. நிறுத்தினால் கொழும்புப் புழுக்கத்தில் நோயாளர் வேர்த்துக் கொட்டுவார். அந்த அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தாதி மிஸ் நின்று, ஒவ்வொருவர் வெளியேறியதும் காற்றாடியைப் போட்டு, மணி அடிக்கும்போது நிறுத்தினார். எந்தக் கையேட்டிலும் இல்லாத வேலை அது.

எங்கள் மத்தியில் புழங்கும் ஒரு சொல்லைச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். “நல்ல மைட்ரல் கேஸ் ஒன்று இருக்கு” என்போம். ‘கேஸ்’ என்று சொல்லிப் பழகினால் ஆள் மறைந்துபோகும். பல வருடங்களுக்கு முன், நான் பயிற்சியில் இருந்த ஒரு வைத்தியசாலையில், நெஞ்சில் நீர் கோர்த்திருந்த ஒருவருக்கு அதை எடுப்பதை ஒரு நாள் தள்ளிப் போட்டார்கள். மறுநாள் பரீட்சை. நீரை எடுத்துவிட்டால் அறிகுறி போய்விடுமே! அவர் இரவு முழுக்கத் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தே இருந்தார். அப்போது எதிர்த்துப் பேச எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது சொல்கிறேன்: அறிகுறியைக் காப்பாற்றுவதற்காக மருந்தை நிறுத்துவதும் சிகிச்சையைத் தள்ளிப் போடுவதும் குற்றம். உங்களிடம் யாராவது அப்படிக் கேட்டால் கட்டாயம் மறுத்துவிடுங்கள்.

இந்தப் பரீட்சையில் ஏழு திறமைகளுக்குத் தனித்தனியாகப் புள்ளி உண்டு. அதில் ஒன்று நோயாளரின் நலனைப் பேணுவது. நோவு கொடுத்தவர், மானத்தைக் கவனிக்காமல் துணியை விலக்கியவர் அந்தப் புள்ளியை இழப்பார். ஆகவே நோகுது என்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள். “பிள்ளை பாவம், பெயிலாகிவிடும்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டாம்.

வருவதற்கு முன் கேளுங்கள்: எத்தனை பேர் பார்ப்பார்கள், எத்தனை மணிக்கு முடியும், பஸ் காசும் சாப்பாடும் தருவார்களா, தமிழில் சொல்லித்தர ஆள் இருப்பாரா? கடைசிக் கேள்வி முக்கியம். பரீட்சையின் மொழி ஆங்கிலம். “மூச்சை இழுங்க”, “திரும்பிப் படுங்க” என்பவற்றை ஆங்கிலத்தில் கேட்டுத் திகைத்துப்போன தமிழ், சிங்கள நோயாளர் இரு பக்கத்தாரையும் பார்த்திருக்கிறேன். நாங்கள் இப்போது முதல் நாளே உட்கார வைத்து அந்த ஆறேழு வசனங்களைச் சொல்லிப் பழக்குகிறோம். சர்க்கரை நோய் இருந்தால் மாத்திரையையும் கிளினிக் கொப்பியையும் கொண்டு வாருங்கள், நேரத்துக்குச் சாப்பாடு கேட்டு வாங்குங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. எம்.ஆர்.சி.பி. பாஸ் பண்ணியதும் பிள்ளை விசேட வைத்திய நிபுணர் ஆகிவிட்டார் என்று கலியாண வீட்டில் சொல்லாதீர்கள். பிரித்தானியாவில் அது மேற்பயிற்சிக்குள் நுழையும் கதவு. இங்கே நிபுணராவதற்குப் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் எம்.டி. பரீட்சையும், அதற்குப் பின்னான பயிற்சியும் வேறாக இருக்கின்றன.

அந்த அம்மாவின் கேள்விக்கு அன்றே உட்கார்ந்து பதில் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்ப சரி, மிச்சம் ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க” என்றார். அடுத்த பரீட்சைக்குக் கேட்டபோது மகளுக்குப் பிள்ளைப்பேறு, ஊருக்குப் போக வேண்டும், வர முடியாது என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, கொப்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். அதை வாங்கி, வழக்கம்போல மருந்தையும் அடுத்த கிளினிக் திகதியையும் எழுதிக் கொடுத்தேன். திகதியை இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போனார்.