மின்தடைனா கரண்ட் கட்டா, ரெசிஸ்டன்ஸா?

பேப்பர்ல "காரைக்குடியில் நாளை மின்தடை"னு போட்டிருந்தத பாத்துட்டு அண்ணன் மக வந்து கேட்டுச்சு, பத்தாவது படிக்குது, "சித்தப்பா, மின்தடைனா கரண்ட் போறதுதானே, எங்க பிசிக்ஸ் புக்ல ஏன் அதுக்கு ஓம்னு அலகு போட்டு கணக்கு போடச் சொல்றாங்க?"னு. நியாயமான கேள்வி. பேப்பர்ல கரண்ட் கட்டாகுறதுக்கும், புக்ல கரண்ட் ஓடுறத எதிர்க்கிற தன்மைக்கும், அதாவது ரெசிஸ்டன்ஸுக்கும், ஒரே சொல்ல வச்சு புழங்குறோம், படிக்கிற புள்ளைங்கதான் நடுவுல மாட்டிக்குதுங்க.

மொதல்ல சொல்ல பிரிச்சுப் பாப்போம். மின்னுங்கிறது பளிச்சுனு ஒளி விடுறது, மின்னல், மின்மினி எல்லாம் அதுலேர்ந்து வந்ததுதான், எலக்ட்ரிசிட்டி வந்தப்போ அந்தச் சின்ன வேர எடுத்து முன்னாடி ஒட்டிக்கிட்டோம். எங்க ஊர் காரைக்குடியில செக்ரினு சொல்ற ஆராய்ச்சி நிலையம், வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்து 1948ல நேரு அடிக்கல் நாட்டுனது, அதோட துறைக்கும் மின்வேதியியல்னுதான் பேரு. அடுத்தது தடை. கொடு-கொடை, எடு-எடை, உடு-உடை மாதிரி தடு-தடை. பழைய உரைகள்ல "தடைவிடை"னு வரும், ஒருத்தர் ஆட்சேபம் எழுப்புறது தடை, அதுக்குப் பதில் விடை.

ரெசிஸ்டன்ஸ் லத்தீன்ல "ரெசிஸ்டெரே"ங்கிற வினையிலேர்ந்து வருது, எதிர்த்து நிக்கிறதுனு பொருள். பிசிக்ஸ்ல ரெசிஸ்டன்ஸ்னா எதிர்ப்புதான், முழுசா நிறுத்திடறது இல்ல. நம்ம ஆளுங்களுக்கு தடைனு சொன்னா தடை உத்தரவு ஞாபகம் வருது, அதனாலதான் மின்தடை இருந்தா கம்பியில கரண்டே ஓடாதுனு புள்ளைங்க நெனைக்குது. நான் அதுகிட்ட சொன்னது, ரோட்டுல வேகத்தடை இருக்குல்ல, பஸ்ஸு அங்க நின்னா போயிடுது? இல்ல, வேகத்த கொறச்சு ஏறி எறங்கிப் போகுது, மின்தடையையும் அப்படி நெனச்சுக்க. புரிஞ்சிருச்சு. கரண்ட் போறதுக்கு மின்வெட்டு, மின்நிறுத்தம்னு நல்ல சொல்லுங்க இருக்கு, பேப்பர்க்காரங்க அதையே போட்டா இந்தக் குழப்பமே வராதுங்கிறது என் அபிப்பிராயம்.

மத்த சொல்லுங்க சுருக்கமா. வோல்டேஜ் மின்னழுத்தம், மாடித் தொட்டியில தண்ணி உயரத்துல நின்னு அழுத்துற மாதிரி. கரண்ட் மின்னோட்டம். பவர் திறன், இலங்கையில இதையே "வலு"னு சொல்வாங்க. எனர்ஜி ஆற்றல், கரண்ட் பில்லுல வர்ற யூனிட் இதுதான், 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடுனா ஒரு யூனிட். ரெசிஸ்டர்ங்கிற பாகத்துக்கு மின்தடையம், மின்தடையாக்கினும் சொல்வாங்க.

ஓம்ங்கிறது ஜார்ஜ் சைமன் ஓம்ங்கிற ஜெர்மானியரோட பேரு, பூட்டு செய்யிறவர் மகன், ஸ்கூல் வாத்தியாரா இருந்துக்கிட்டே சோதனை பண்ணி 1827ல புத்தகமா போட்டாரு. மின்னழுத்தத்த மின்னோட்டத்தால வகுத்தா மின்தடை, ரெண்டையும் பெருக்குனா திறன், அவ்ளோதான். 1000 வாட் இஸ்திரிப் பொட்டிய 230 வோல்ட்ல போட்டா 4.35 ஆம்பியர் ஓடும், 230ஐ அதால வகுத்தா 53 ஓம் கிட்ட வரும். இப்ப லோ வோல்டேஜ்னு வைங்க, 180 தான் வருது. தடை அதே 53 தான், ஆனா அழுத்தமும் கொறையுது ஓட்டமும் கொறையுது, ரெண்டும் பெருகுறதால திறன் 612 வாட்டுக்கு எறங்கிடும். அம்பது வோல்ட்தானே கம்மினு தோணும், சூட்டுல அஞ்சுல ரெண்டு பங்கு போயிருது. ஒண்ணு சொல்லணும், குண்டு பல்பு மாதிரி சூடேறுனா தடை ரொம்ப மாறுற சாமானுக்கு இந்தக் கணக்கு நேரா ஒத்து வராது, 60 வாட் பல்பு எரியிறப்போ 880 ஓம், அணைஞ்சு ஆறுனப்புறம் மீட்டர் வச்சா அதுல பத்துல ஒரு பங்குகூட காட்டாது.

தடை வயர்லயும் இருக்கு, நீளம் கூடுனா கூடும், தடிமன் கூடுனா கொறையும். எங்க செட்டிநாட்டுப் பக்கம் வீடுங்க ஒரு தெருவுல முகப்பு, அடுத்த தெருவுல பின்வாசல்னு நீண்டு கெடக்கும். அப்பத்தா வீட்டுல மீட்டர் முகப்புல, 2000 வாட் ஹீட்டர் வளவு (நடு முற்றம்), ரெண்டாங்கட்டு எல்லாம் தாண்டி கடைசிக் கட்டுல, நடுவுல 50 மீட்டருக்கு லைட்டுக்கு இழுக்குற 1 ஸ்கொயர் வயர், அதாவது உள்ள இருக்கிற கம்பியோட குறுக்குப் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர். போக வர 100 மீட்டர், தாமிரத்துல அது சுமார் 1.8 ஓம். ஹீட்டரோட 26.5 ஓமும் சேந்து 8.1 ஆம்பியர் ஓடுது, வயர்லயே 15 வோல்ட் கிட்ட தொலையுது, 120 வாட் சூடா செவத்துக்குள்ளயே போகுது. தேக்கு உத்தரத்த ஒட்டிப் போற வயர் அது. தண்ணி சூடாக நேரமாகுதுன்னுதான் அப்பத்தா சொல்லிக்கிட்டு இருந்தாக, எனக்கு அந்த 120 வாட் தெரிஞ்ச அன்னைக்குத் தூக்கமே வரல. 4 ஸ்கொயர் வயர் தனியா இழுத்தோம், தடை 0.45 ஓமுக்கு வந்துச்சு, வயர்ல போற சூடு 33 வாட்.