ஒருவர் எத்தனை பேருக்காகப் பேசுகிறார்? நாடுகளை ஒப்பிடும் உடல்நலக் கணக்கெடுப்புகளில் எடையிடல்

“உங்கள் உடல்நலம் பொதுவாக எப்படி இருக்கிறது? மிக நன்று, நன்று, சுமார், மோசம், மிக மோசம்.” இந்த ஒரே கேள்வியை முப்பது நாற்பது நாடுகளில் கேட்டு, விடைகளை ஓர் அட்டவணையில் அடுக்குவது எளிய வேலையாகத் தோன்றும். நாட்டுக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு சதவீதம். செய்தியாக வெளிவரும்போது அதே வரிகள் தரவரிசையாகிவிடும். ‘மோசம்’ என்றவர்களை எண்ணி, பேட்டி கண்டவர்களின் மொத்த எண்ணிக்கையால் வகுத்திருப்பார்கள் என்றுதான் வாசகர் நினைத்துக்கொள்வார். பெரும்பாலான நாடுகளில் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொருவரின் பதிலையும் முதலில் ஓர் எண்ணால் பெருக்குகிறார்கள். ஒருவருக்கு அது 0.6, இன்னொருவருக்கு 2.3. அந்த எண்தான் எடை. இந்தப் பதிலாளர் எத்தனை பேருக்காகப் பேசுகிறார் என்பதைச் சொல்வது அதன் வேலை.

ஏன் எல்லோருக்கும் 1 கொடுத்துவிடக் கூடாது? மாதிரியில், அதாவது பேட்டிக்காகத் தேர்ந்தெடுக்கப்படும் குழுவில், இடம்பெறும் வாய்ப்பு எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை என்பதே முதல் காரணம். இது எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உடல்நல ஆய்வில் மிகச் சுலபமாக ஏமாற்றும் இடம் இதுதான்.

ஸ்வீடன், நார்வே, பின்லாந்து போன்ற நாடுகளில் குடிமக்கள் பதிவேடு இருக்கிறது. ஆய்வாளர்கள் அதிலிருந்து நேரடியாக ஆட்களைத் தேர்ந்தெடுக்கலாம். பிரிட்டனில் அப்படிப்பட்ட பதிவேடு இல்லை. அஞ்சல் முகவரிப் பட்டியல்தான் இருக்கிறது. அங்கே முதலில் வீட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பிறகு அந்த வீட்டிலிருந்து ஒருவரை. வீட்டுக்குள் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பேட்டி எடுப்பவரின் விருப்பத்துக்கு விட முடியாது. விட்டால் கதவைத் திறந்தவரையே பேட்டி எடுத்துவிட்டுப் போய்விடுவார். அதற்காக லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் 1949இல் ஒரு தேர்வு அட்டவணையை வகுத்துக் கொடுத்தார். அடுத்ததாகப் பிறந்தநாள் வரப்போகிறவரைக் கேட்பது போன்ற முறைகளும் புழக்கத்தில் இருக்கின்றன. எந்த முறையானாலும் கணக்கு ஒன்றுதான்: தனியாக வசிப்பவரின் வீடு தேர்வானால் அவர் கட்டாயம் மாதிரிக்குள் வந்துவிடுவார், நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்புதான்.

தனியாக வசிப்பவர்கள் யார்? பல நாடுகளில் அவர்களில் கணிசமானோர் முதியவர்கள், அதிலும் துணையை இழந்த பெண்கள். ஒரு கற்பனை நாட்டை எடுத்துக்கொள்வோம். 1000 வீடுகளில் வீட்டுக்கு ஒருவரைப் பேட்டி எடுக்கிறோம். 400 வீடுகளில் ஒருவர் மட்டுமே இருக்கிறார், 600 வீடுகளில் இருவர். தனியாக இருப்பவர்களில் 20 சதவீதம் பேரும் மற்றவர்களில் 10 சதவீதம் பேரும் தங்கள் உடல்நலம் மோசம் என்கிறார்கள். தலைகளை அப்படியே எண்ணினால் 80 பேரும் 60 பேரும் சேர்ந்து 140 பேர். அதாவது 14 சதவீதம். ஆனால் இருவர் வசிக்கும் வீட்டிலிருந்து பேசியவர் தனக்காகவும் கேட்கப்படாத மற்றவருக்காகவும் பேசுகிறார். அவருக்கு எடை 2. அப்படிக் கூட்டினால் 1600 பேரில் 200 பேர், 12.5 சதவீதம்.

இதே மக்கள்தொகை கொண்ட இன்னொரு நாடு பதிவேட்டிலிருந்து மாதிரி எடுத்தால் எடையே இல்லாமல் 12.5 சதவீதம் கிடைத்திருக்கும். எடையை மறந்த ஆய்வாளர் இரண்டையும் ஒப்பிட்டு, முதல் நாட்டில் நோயாளிகள் அதிகம் என்று எழுதிவிடுவார். பிறகு அதற்கு மருத்துவமனைகளிலும் காப்பீட்டிலும் காரணம் தேடுவார். அந்த 1.5 சதவீதப் புள்ளி வேறுபாடு முழுவதும் பட்டியலிலிருந்து வந்தது.

தேர்வாகும் வாய்ப்பின் தலைகீழ்தான் எடை என்ற இந்த விதியைப் பொதுவான வடிவில் நிறுவியவர்கள் டேனியல் ஹார்விட்ஸும் டொனோவன் தாம்ப்சனும், ஆண்டு 1952. வேண்டுமென்றே வாய்ப்பை மாற்றும் இடங்களுக்கும் இதே விதி பொருந்தும். ஜெர்மனியின் சமூக ஆய்வுகளில் கிழக்குப் பகுதி மக்களை அவர்களின் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகமாகச் சேர்ப்பது வழக்கம். கிழக்கைத் தனியாக அலசப் போதுமான ஆட்கள் வேண்டும் என்பதே நோக்கம். முழு ஜெர்மனிக்கான எண்ணைச் சொல்லும்போது அந்தக் கூடுதலை எடையால் குறைத்துவிட வேண்டும்.

இதுவரை பார்த்தது சுத்தமான கணிதம். வாய்ப்பை நாமே தீர்மானித்தோம், அதனால் அது நமக்குத் தெரியும். அடுத்த படி அவ்வளவு சுத்தமானதல்ல. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் பலர் பதில் சொல்வதே இல்லை. சிலர் வீட்டில் இருப்பதில்லை, சிலர் மறுக்கிறார்கள், சிலருக்குப் பேட்டி கொடுக்கும் அளவுக்கு உடம்பு முடியவில்லை. அவர்கள் பதிலளிக்கும் வாய்ப்பு என்ன என்று யாருக்கும் தெரியாது, ஊகிக்கத்தான் வேண்டும்.

ஊகிக்கும் வழி இது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு போன்ற நம்பகமான மூலத்திலிருந்து வயது, பாலினம், கல்வி, வட்டாரம் ஆகியவற்றின் பங்குகளை எடுத்துக்கொண்டு, மாதிரியை அவற்றோடு பொருத்துவார்கள். ஒரு நாட்டில் குறைந்த கல்வி பெற்றவர்கள் 40 சதவீதம், மாதிரியிலோ 25 சதவீதம்தான் என்றால் அவர்களுக்கு எடை 1.6, மற்றவர்களுக்கு 0.8. செலவுக்குப் பயந்து மருத்துவரிடம் போகாமல் இருந்தவர்கள் முதல் பிரிவில் 20 சதவீதம், இரண்டாவதில் 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், எடையில்லாத கணக்கு 11 சதவீதம் என்று சொல்லும், எடையிட்டது 12.8 என்று சொல்லும். பல பண்புகளை ஒரே நேரத்தில் பொருத்த வேண்டுமானால், முதலில் வயதுக்குப் பொருத்தி, பிறகு கல்விக்கு, பிறகு வட்டாரத்துக்கு, மீண்டும் வயதுக்கு என்று எண்கள் நிலைக்கும்வரை சுற்றிச் சுற்றி வருவார்கள். எட்வர்ட்ஸ் டெமிங்கும் ஃபிரெடரிக் ஸ்டெஃபனும் 1940இல் எழுதிய வழிமுறை இது. இன்றும் இதைத்தான் பெருமளவில் பயன்படுத்துகிறார்கள்.

எந்தப் பண்புகளைக் கொண்டு பொருத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2021ஆம் ஆண்டு அமெரிக்காவில் கோவிட் தடுப்பூசி போட்டவர்களின் பங்கைக் கணிக்க, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டெல்ஃபி குழு ஃபேஸ்புக் வழியாக வாரந்தோறும் ஏறக்குறைய 2,50,000 பேரிடம் கேட்டது. எடையும் போட்டது. இருந்தும் அவ்வாண்டு மே மாதத்தில் அதன் கணிப்பு அதிகாரபூர்வ எண்ணைவிட 17 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. அதே காலத்தில் வெறும் ஆயிரம் பேரைக் கேட்ட ஆக்ஸியோஸ்–இப்சோஸ் ஆய்வு உண்மைக்கு மிக அருகில் நின்றது. முதலாவதன் எடைகளில் வயதும் பாலினமும் இருந்தன. கல்வியும் இனமும் இல்லை. தடுப்பூசி போட்டுக்கொள்வதோடு கல்விக்கு நெருங்கிய தொடர்பு இருந்தது, கருத்தாய்வுக்குப் பதில் சொல்வதோடும் இருந்தது. இப்படி இரண்டு பக்கமும் தொடர்புள்ள பண்பை விட்டுவிட்டால் ஆட்களின் எண்ணிக்கை காப்பாற்றாது. மாதிரி பெரிதாகப் பெரிதாகப் பிழை குறையாமல், பிழையின் மீதான நம்பிக்கை மட்டுமே வளர்கிறது. உடல்நலத்தைப் பற்றிய எந்தக் கணக்கெடுப்பிலும் கல்வியைக் கொண்டு பொருத்தியிருக்கிறார்களா என்பதைத்தான் நான் முதலில் தேடிப் பார்ப்பேன்.

எடைக்கு ஒரு விலையும் உண்டு. சிலரின் குரல் பெரிதாக்கப்படும்போது அவர்களின் தற்செயலான விசித்திரங்களும் பெரிதாகின்றன. இதை அளக்க கிஷ் ஒரு எளிய வாய்பாடு தந்தார்: எடைகளைக் கூட்டி வர்க்கப்படுத்தி, தனித்தனி எடைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். மேலே சொன்ன கல்வி எடுத்துக்காட்டில் 1000 பேரை வைத்துக் கணக்குப் போட்டால் 893 வருகிறது. பேசியது ஆயிரம் பேரிடம். துல்லியம் 893 பேருக்கு உரியது. எடைகள் 10, 15 என்று ஏறினால் இழப்பு கடுமையாகும். அதனால்தான் பல ஐரோப்பிய நாடுகளில் நடக்கும் ஐரோப்பிய சமூக ஆய்வு தன் வடிவமைப்பு எடைகளை, அதாவது தேர்வாகும் வாய்ப்பிலிருந்து வரும் எடைகளை, 4க்கு மேல் போகவிடாமல் வெட்டிவிடுகிறது. விடை ஒரு பக்கமாக விலகும் சாய்வைக் கொஞ்சம் ஏற்றுக்கொண்டு, மாதிரிக்கு மாதிரி விடை தாவும் அலைக்கழிப்பை நிறையத் தவிர்க்கும் பேரம் அது. சரியான பேரம் என்றே நினைக்கிறேன்.

இனி நாடுகளை அருகருகே வைப்போம்.

2002இல் தொடங்கிய ஐரோப்பிய சமூக ஆய்வில், பங்கேற்கும் எல்லா நாடுகளுக்கும் ஒரே விதிமுறைப்படி எடைகள் கணக்கிடப்படுகின்றன. 2014ஆம் ஆண்டுச் சுற்றில் உடல்நல ஏற்றத்தாழ்வுகள் பற்றிய தனிப் பகுதியே அதில் இருந்தது. 1984இல் உருவான சர்வதேச சமூக ஆய்வுத் திட்டம் 2011இலும் 2021இலும் உடல்நலத்தையும் மருத்துவச் சேவையையும் பற்றிக் கேட்டது. அதன் பரப்பு ஐரோப்பாவைத் தாண்டியது, ஆனால் எடைகளை அந்தந்த நாட்டுக் குழுவே தயாரித்துத் தருகிறது. ஒரு நாடு வயதையும் பாலினத்தையும் மட்டும் பொருத்தியிருக்கும், இன்னொன்று கல்வியையும் சேர்த்திருக்கும், வேறொன்று எடையே தராது. எடை தராத நாட்டில் எல்லோருக்கும் 1 என்று கோப்பில் இருக்கும். ‘இந்த மாதிரிக்குத் திருத்தம் தேவையில்லை’ என்பதும் ‘திருத்தம் செய்யவில்லை’ என்பதும் அந்த 1இல் ஒரே மாதிரிதான் தெரியும். எது என்று அறிய அந்த நாட்டின் முறையியல் குறிப்பைத் தேடிப் படித்தே ஆக வேண்டும். அந்தக் குறிப்பைத் திறக்காமலேயே நாடுகளை வரிசைப்படுத்தும் கட்டுரைகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

நாடுகளின் தரவைச் சேர்த்து ஒரே எண்ணைச் சொல்ல விரும்பினால் இன்னொரு முடிவு காத்திருக்கிறது. ஜெர்மனியில் ஏறத்தாழ 8.4 கோடிப் பேர், எஸ்டோனியாவில் ஏறத்தாழ 13 லட்சம். இரு நாடுகளிலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கையிலான பேட்டிகள் நடந்திருக்கலாம். மருத்துவச் சேவை திருப்தி என்றவர்கள் முதல் நாட்டில் 70 சதவீதம், இரண்டாவதில் 50 சதவீதம் என்று கற்பனை செய்யுங்கள். மக்கள்தொகைக்கு ஏற்ப எடையிட்டால் கூட்டு விடை 69.7, எஸ்டோனியா இருந்த தடமே தெரியாது. இரு நாடுகளுக்கும் சம எடை கொடுத்தால் 60. இரண்டுமே சரியான விடைகள்தான், ஆனால் வெவ்வேறு கேள்விகளுக்கு. இந்தப் பரப்பில் வாழும் மக்களில் எத்தனை பேர் திருப்தியாக இருக்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. ஒரு மருத்துவ அமைப்பு சராசரியாக எவ்வளவு திருப்தி தருகிறது என்பது இன்னொன்று. அங்கே ஒவ்வொரு நாடும் ஓர் அமைப்பு, ஒரு பரிசோதனை. எது தன் கேள்வி என்று ஆய்வாளர் முதலில் சொல்லிவிட வேண்டும். விடையைப் பார்த்துவிட்டு எடையைத் தேர்ந்தெடுப்பது நேர்மையாகாது.

வளரும் நாடுகளின் தாய்சேய் நலத் தரவுக்கு முதுகெலும்பாக இருந்துவரும் மக்கள்தொகை–உடல்நல ஆய்வுகளில் இன்னொரு பொறி இருக்கிறது. அங்கே பெண்களுக்கான எடை ‘வி005’ என்ற பத்தியில் புள்ளி இல்லாமல் சேமிக்கப்பட்டிருக்கும்: 1243000 என்றிருந்தால் பத்து லட்சத்தால் வகுத்து 1.243 என்று எடுக்க வேண்டும். இது எல்லோரும் கற்றுக்கொள்கிற பாடம். கற்காமல் விடுவது அடுத்தது. இந்த எடைகள் ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் சராசரி 1 ஆகும்படி சீராக்கப்பட்டவை. ஒரு நாட்டில் 40,000 பெண்களும், மக்கள்தொகையில் அதன் நூறில் ஒரு பங்கான இன்னொரு நாட்டில் 8,000 பெண்களும் பேட்டி காணப்பட்டால், கோப்புகளை அப்படியே ஒட்டும்போது நூறு மடங்கு வேறுபாடு ஐந்து மடங்காகச் சுருங்கிவிடும். கிடைக்கும் சராசரி மக்களுக்கும் உரியதல்ல, நாடுகளுக்கும் உரியதல்ல. பேட்டிகளுக்கு ஒதுக்கப்பட்ட பணத்துக்குத்தான் உரியது. மக்கள்தொகைச் சராசரி வேண்டுமென்றால் நாட்டிலுள்ள 15–49 வயதுப் பெண்களின் எண்ணிக்கையை, பேட்டி காணப்பட்டவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, அந்த விகிதத்தால் ஒவ்வொரு எடையையும் பெருக்க வேண்டும்.

எடையால் ஆகாத காரியங்களும் உண்டு. முதியவர்கள் நிறைந்த நாட்டையும் இளைஞர்கள் நிறைந்த நாட்டையும் ஒப்பிடும்போது எழும் வயது வேறுபாட்டை இந்த எடைகள் நீக்குவதில்லை. ஒவ்வொரு நாட்டையும் அது உள்ளபடி காட்டுவதே அவற்றின் பணி. வயதைச் சமப்படுத்த வேண்டுமென்றால் பொதுவான ஒரு வயதமைப்பைக் கொண்டு தனியாகக் கணக்கிட வேண்டும். கேள்வியை மக்கள் புரிந்துகொள்ளும் விதத்தையும் எடை மாற்றாது. ஆயுட்காலம் அதிகமுள்ள கேரளத்தில் தங்களுக்கு நோய் இருப்பதாகச் சொல்பவர்கள் அதிகம், ஆயுட்காலம் குறைந்த பீகாரில் அப்படிச் சொல்பவர்கள் குறைவு என்பதை அமர்த்திய சென் 2002இல் சுட்டிக்காட்டினார். மருத்துவரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு நோயை அடையாளம் காணத் தெரிகிறது. மாதிரி எவ்வளவு பிசகில்லாமல் எடையிடப்பட்டிருந்தாலும் இந்த முரண் அப்படியே நிற்கும்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடக் கவலை தருவது வேறொன்று. பெரும்பாலான பன்னாட்டு ஆய்வுகள் தனிக் குடியிருப்புகளில் வாழ்பவர்களை மட்டுமே மாதிரிக்குள் கொண்டுவருகின்றன. முதியோர் இல்லங்களில் இருப்பவர்களும் நீண்டகாலச் சிகிச்சையில் மருத்துவமனையில் இருப்பவர்களும் பட்டியலிலேயே இல்லை. அவர்கள் தேர்வாகும் வாய்ப்பு பூச்சியம். பூச்சியத்தின் தலைகீழை எந்த வாய்பாட்டாலும் எடையாக்க முடியாது. 85 வயது ஆரோக்கியமான ஒருவரின் பதிலை மூன்று மடங்காக்கினால் மூன்று ஆரோக்கியமான முதியவர்கள் கிடைப்பார்கள், படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவர்கூடக் கிடைக்க மாட்டார். முதியவர்களை இல்லங்களில் பராமரிக்கும் நாட்டின் புள்ளிவிவரம், வீட்டில் பராமரிக்கும் நாட்டின் புள்ளிவிவரத்தைவிட நலமாகத் தெரிவதற்கு இது ஒன்றே போதும். ஐம்பது வயதைக் கடந்தவர்களை 2004 முதல் தொடர்ந்து பேட்டி காணும் ஐரோப்பாவின் ‘ஷேர்’ ஆய்வு இதை வேறு வழியில் அணுகுகிறது. முன்பு வீட்டில் பேட்டி கொடுத்தவர் அடுத்த சுற்றுக்குள் முதியோர் இல்லத்துக்கு மாறியிருந்தால் பேட்டியாளரும் அங்கே போகிறார். அந்த முதியவரால் பேச முடியாவிட்டால் அவரை நன்கு அறிந்த ஒருவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்.