ரசனை மாறிவிட்டதா, காது மாறிவிட்டதா?

"இப்ப வர்ற பாட்டெல்லாம் ஒரே இரைச்சல், ஒரு வார்த்தை புரியறதில்லை." கடலூர் மஞ்சக்குப்பத்தில் செவித்திறன் பரிசோதனை செய்கிறவள் நான், இதை வாரத்துக்கு நாலு தடவையாவது கேட்டுவிடுகிறேன். சொல்பவர் பெரும்பாலும் அறுபது தாண்டியவர். பக்கத்தில் மகளோ மருமகளோ உட்கார்ந்துகொண்டு, "அப்பா டிவி வச்சா தெருமுனை வரைக்கும் கேட்குது மேடம், அதை முதல்ல பாருங்க" என்பார்கள். பாட்டைப் பற்றி அவர் சொல்வதும் டிவியைப் பற்றி இவர்கள் சொல்வதும் ஒரே காதின் கதை என்று ரெண்டு பேருக்குமே தோன்றுவதில்லை.

போன வருடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். திருப்பாதிரிப்புலியூர்க்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர். முறையாக இசை படித்தவர் இல்லை, ஆனால் நல்ல கேள்வி ஞானம். சின்ன வயதில் மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போய், சாமி புறப்பாட்டில் நாகஸ்வரக்காரர் பின்னாலேயே நாலு வீதியும் நடந்தவர். பேரன் போடும் பாட்டுதான் அவருக்கு ஆகாது. "பழைய பாட்டு கேட்கறீங்களாய்யா?" என்றேன். "கேட்பேம்மா, அதெல்லாம் தெளிவா இருக்கு. அந்தக் காலத்துல பாடினவங்க வார்த்தையை மென்னு முழுங்கலை" என்றார்.

சரி என்று போனில் ஒரு பாட்டைப் போட்டேன். அவர் சொன்ன அதே காலத்துப் பாட்டுதான், ஆனால் ஓடாமல் போன படம், அவர் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. முன்னால் குனிந்தார், வலது காதைப் போன் பக்கம் திருப்பினார், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பல்லவி முடியும் வரை கேட்டார். முதல் வரியைச் சொல்லுங்கள் என்றேன். சொல்ல முடியவில்லை. "பதிவு சரியில்லை போலிருக்கே" என்றார். அவர் மகளுக்கு அந்தப் பாட்டு முதல் தடவையிலேயே புரிந்திருந்தது.

எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் ஆடியோகிராமில் 1000 ஹெர்ட்ஸ் வரைக்கும் பெரிய குறை இல்லை; ஹெர்ட்ஸ் கூடக்கூட ஒலி கீச்சென்று இருக்கும். அதற்கு மேல் கோடு சரிந்துகொண்டே போய், 4000 ஹெர்ட்ஸில் 65 டெசிபல் கொடுத்தால்தான் பொத்தானை அழுத்தினார். வயதால் வரும் குறைபாடு பெரும்பாலும் இப்படித்தான் கீச்சென்ற உச்ச ஒலிகளில் ஆரம்பிக்கும். பாட்டில் ஆ, ஓ என்று நீளும் உயிரெழுத்துகளின் பலம் கீழ் ஒலிகளில் இருக்கிறது, அது அவர் காதுக்குப் போய்விடுகிறது. ச, த, க போன்ற மெய்களை அடையாளம் காட்டும் மெல்லிய ஒலிகள் மேலே இருக்கின்றன, அவைதான் போய்விட்டன. அதனால் பாட்டு கேட்கும், வார்த்தை கேட்காது. ஐம்பது வருடமாக மனப்பாடமான பாட்டு என்றால் காது விட்ட இடத்தையெல்லாம் மூளையே நிரப்பிவிடும், அதனால் "தெளிவா" இருக்கும். புதுப் பாட்டில் நிரப்ப எதுவும் இல்லை. அதோடு இப்போதைய பதிவுகளில் அடியில் பேஸ் கனமாக இருப்பதால், ஏற்கெனவே மெலிந்துபோன மேல் ஒலிகளை அது இன்னும் அமுக்கிவிடுகிறது. அப்படிக் கேட்கிறவருக்கு அது இரைச்சல்தான், அவர் பொய் சொல்லவில்லை.

வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். பெரியவர் கேட்டிராத பழைய பாட்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, உங்களுக்குச் சாதாரணமாகக் கேட்கும் சத்தத்தில் போடுங்கள். அதிலும் வார்த்தை புரியவில்லை என்றால் பரிசோதனைக்குக் கூட்டிவாருங்கள். "சத்தமா வை" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் ஏற்றினதும் "ஏன் இப்படி அலற விடுறே" என்று கோபப்படுவதும் ஓர் அறிகுறிதான், அதை முரண்டு என்று நினைக்காதீர்கள். உள்காது பழுதானால் மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் பெரிய ஒலி பழையபடியே காதை அறையும், நடுவில் சுகமாகக் கேட்கும் இடம் குறுகிவிடும். சிலருக்கு வெறும் குறும்பி அடைப்புதான் இருக்கும், பத்து நிமிட வேலை. அதற்காக நீங்களே ஊக்கு, பட்ஸ், காய்ச்சின எண்ணெய் என்று இறங்கவேண்டாம், தயவுசெய்து.

காது நன்றாக இருந்தும் பிடிக்கவில்லையா, அது ரசனை. அதைத் திருத்த யாருக்கும் உரிமை கிடையாது. எது நல்ல இசை என்பதில் காதின் அமைப்பை விடப் பழக்கத்துக்குத்தான் பங்கு அதிகம் என்பது இத்தனை வருடத்தில் எனக்குப் பட்டது. பொலிவியாவின் காட்டுப் பகுதியில் வாழும் சிமானே மக்களிடம், மேற்கத்திய இசையில் இனிமை என்று சொல்லப்படும் சுரக் கூட்டுகளையும் முரண் என்று சொல்லப்படும் கூட்டுகளையும் போட்டுக் காட்டியபோது, ரெண்டும் ஒரே அளவுக்கு இனிமை என்றார்கள்; 2016-இல் வெளிவந்த ஆய்வு இது. அவ்வளவு தூரம் போகவேண்டாம், நம் பக்கத்துக் கதையே இருக்கிறது. தில்லை நடராசர் மேல் முத்துத்தாண்டவர் கீர்த்தனம் பாடியது, தெலுங்கில் கீர்த்தனம் பாடிய தியாகராசருக்கு முன்னாலேயே. இருந்தும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சென்னைச் சபைகளில் தமிழ்ப் பாட்டு கச்சேரியின் கடைசியில் துக்கடா என்ற சில்லறை உருப்படியாகத்தான் வந்தது, தமிழில் பாடினால் சங்கீதத்தின் தரம் குறையும் என்று படித்தவர்களே வாதாடினார்கள். சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்ட அண்ணாமலைச் செட்டியார் போன்றவர்கள் போராடி, 1943-இல் தமிழ் இசைச் சங்கம் வந்து, கேட்டுக் கேட்டுக் காது பழகிய பிறகு அந்த வாதம் பெருமளவு ஓய்ந்துபோனது. பாட்டு அதே பாட்டு.

ரசனையைக் கெடுக்கும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும், அது சத்தம். ஒரே பாட்டை ரெண்டு தடவை போட்டு, இரண்டாவதைத் துளி ஏற்றி வைத்தால், ஏற்றினது தெரியாதவர்கள் பெரும்பாலும் இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறது என்பார்கள். சத்தம் குறைந்தால் காதுக்குக் கீழ் ஒலிகள் சீக்கிரம் மங்கிவிடும் என்று ஃப்ளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள், ஏற்றினால் அந்த அடி ஒலி திரும்ப வந்து பாட்டு நிறைந்த மாதிரி இருக்கும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்ப் படிக்கும் ஒரு பையன், காதில் "கொய்ங்" என்று நிற்காமல் கேட்கிறது என்று வந்தான். பஸ்ஸில் ஸ்பீக்கர் பாட்டு, இன்ஜின், ஹாரன், எல்லாவற்றையும் மீறி இவன் இயர்போன் பாட்டு. போக ஒரு மணி, வர ஒரு மணி. வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 89-க்கு 5 மணி, 95-க்கு ஒன்றேகால் மணிதான். இவன் ஒரே நாளில் வாரக் கணக்கை முடித்துக்கொண்டிருந்தான். உள்காதின் மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. 21 வயதில், சத்தத்தால் காது பழுதானதற்கு அடையாளமாக 4000 ஹெர்ட்ஸில் பள்ளம் விழுந்த ஆடியோகிராமைக் கையில் வாங்கும்போது எனக்கே மனசு கஷ்டமாக இருக்கிறது. பாட்டை விடு என்று நான் சொல்லவில்லை. வெளிச்சத்தத்தை அடைக்கிற மாதிரி காதில் சரியாகப் பொருந்தும் இயர்போன் வாங்கு, சத்தத்தைப் பாதியில் வை என்றேன்.

ஆசிரியருக்குக் காது மெஷின் பொருத்தினோம். மகள் பேசுவது புரிந்தது, டிவி சத்தம் பாதியானது. ஒரு வாரத்தில் முகம் வாடித் திரும்பி வந்தார். "பேச்சு நல்லா இருக்கும்மா. கச்சேரி கேட்டா தம்புரா வந்து வந்து செத்துப்போவுது. நாகஸ்வரக் கார்வை நடுங்குது." அவர் சொன்னது துல்லியமான உண்மை. மெஷின் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. ஏற்ற இறக்கமில்லாமல் நிற்கும் ஒலியை ஃபேன் சத்தம் என்று நினைத்துக் குறைத்துவிடும், தம்புராவின் சுருதி அப்படிப் போகிறது. ஒரே சுரத்தில் நீண்டு நிற்கும் கார்வையை, மெஷினே சில நேரம் கிளப்பும் விசில் என்று நினைத்து வெட்டப் பார்க்கும், அதுதான் நடுக்கம். இதற்கென்று இசைக்குத் தனி அமைப்பு பல மெஷின்களில் உண்டு, ஆனால் கேட்டு வாங்கினால்தான் பலர் போட்டுத் தருகிறார்கள். மெஷின் வாங்கும்போது, பாட்டு கேட்பேன் என்று வாய்திறந்து சொல்லுங்கள். இரைச்சல் குறைப்பை அணைத்து, விசில் தடுப்பைத் தளர்த்தி, ஒரு பொத்தானில் வைத்துக் கொடுத்தேன். போனில் தம்புராவைப் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டார், ரொம்ப நேரம் பேசவில்லை. "சுருதி நிக்குது" என்றார்.

அடுத்த தடவை பேரனும் கூட வந்திருந்தான். அவன் பாட்டை வைக்கச் சொல்லி முழுசாகக் கேட்டார், ரெண்டு வரியைத் தப்பில்லாமல் திருப்பிச் சொல்லியும் காட்டினார். "இப்ப எல்லாம் புரியுதும்மா," என்றார், "ஆனா எனக்குப் பிடிக்கலை." பேரன், "ஏன் தாத்தா, எந்த இடம்?" என்று ஆரம்பித்தான். அடுத்த ஆளைக் கூப்பிட்ட பிறகும் வராந்தாவில் ரெண்டு பேரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.