கருவுற்ற காலத்தில் 'லாம்' நுரையீரல் நோய்

கருவுற்ற பெண்ணுக்கு மூச்சு வாங்குவது பெரும்பாலும் இயல்பானதே. புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மூளையின் சுவாச மையத்தைத் தூண்டுவதால், நிமிடத்துக்கு அவர் உள்ளிழுக்கும் காற்று 30 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது; வளரும் கருப்பையோ உதரவிதானத்தை ஏறத்தாழ 4 செ.மீ. மேலே தள்ளுகிறது. 'லாம்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் லிம்ஃபாஞ்சியோலெயோமையோமட்டோசிஸ் என்னும் அரிய நோய் இந்த இயல்பான மூச்சு வாங்கலுக்குள்ளேயே மறைந்துகொள்ளும். நூற்பாலைகள் நிறைந்த கோவை, திருப்பூர், உடுமலைப் பகுதிகளில் அதைப் பஞ்சுத் தூசியால் வந்த இளைப்பு என்று எண்ணிவிடவும் இடமுண்டு.

பெரும்பாலும் குழந்தை பெறும் வயதுப் பெண்களையே இந்நோய் தாக்குகிறது. செல் வளர்ச்சிக்குக் கடிவாளமிடும் டிஎஸ்சி மரபணுக்களில் ஒன்று பழுதடைவதால், வளர்ச்சியைத் தூண்டும் 'எம்டார்' என்னும் புரதத்தின் மீதான கட்டுப்பாடு தளர்ந்து, தசை போன்ற செல்கள் நுரையீரலில் பெருகி, ஆங்காங்கே மெல்லிய சுவருடைய காற்றுப் பைகளை உண்டாக்குகின்றன. ஈஸ்ட்ரோஜன் இதற்கு ஊக்கம் தருவதாகக் கருதப்படுகிறது. பை உடைந்தால் காற்று கசிந்து, நுரையீரல் சுருங்கிவிடும். கர்ப்ப காலத்தில் இந்த ஆபத்து கூடுகிறது. இந்நோயோடு சிலருக்குச் சிறுநீரகத்திலும் கட்டி வருவதுண்டு; அதில் இரத்தக்கசிவும் நேரலாம்.

எம்டாரை அடக்கும் சிரோலிமஸ் மருந்துக்கு அமெரிக்காவில் 2015-இல் 'லாம்' நோய்க்கான ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அது கருவைப் பாதிக்கக்கூடும் என்பதால், மருந்தை நிறுத்திய பின்னும் 12 வாரங்கள் கருத்தடை தேவை. எனவே நுரையீரல் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் கருவுறுவதற்கு முன்பே சேர்ந்து திட்டமிட வேண்டும். மருந்தைத் தானாக நிறுத்துவது தவறு.

திடீரென ஒரு பக்க நெஞ்சுவலியோடு மூச்சுத் திணறினால் உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். குழந்தைக்கு ஆகாது என்று குடும்பத்தார் தயங்குவது புரிகிறது. ஆனால் மார்பு எக்ஸ்ரேயில் கருவை எட்டும் கதிர்வீச்சு 0.01 மில்லிகிரேக்கும் குறைவு. தாயின் ஆக்சிஜன் குறைவதே குழந்தைக்குப் பெரிய கேடு. பொதுவாகத் தாயின் இரத்த ஆக்சிஜன் அளவை 95 சதவீதத்துக்குக் குறையாமல் காக்க முயல்வார்கள்.

வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்லும் நம் வழக்கம் இங்கே தனிக் கவனம் கோருகிறது. மூச்சின் சுமை மிகும் கடைசி மாதங்களில்தான், கோவையில் சிகிச்சை பெறும் பெண் தாராபுரத்துக்கோ காங்கேயத்துக்கோ போகிறார். அவருடன் சி.டி. ஸ்கேன் அறிக்கை, நுரையீரல் திறன் அளவுகள், மருந்து நிறுத்திய தேதி ஆகியவை செல்ல வேண்டும். கசிந்த காற்றை வெளியேற்ற நெஞ்சில் குழாய் பொருத்தும் வசதியுள்ள மருத்துவமனை அங்கே எது என்பதை அவர் புறப்படும் முன்பே விசாரித்து வைக்க வேண்டும்.